பார்க்காமல் போட்ட கையெழுத்து

அக்காவின் பொருளை முதல் நாளே பாழாக்கியவன் நான்.

தேனியில் பெரியகுளம் சாலையில் எனக்குப் பிரேம் கடை. சாமி படம், கல்யாணப் படம், இறந்துபோனவர்களின் படம் என்று வருகிறதற்கெல்லாம் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பது பிழைப்பு. பல வருடங்களுக்கு முன்பு ஒரு மதியம், ஐம்பதை நெருங்கிய ஒரு பெண் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் மூன்று படங்களை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டி எடுத்து வந்தார். தடித்த பஞ்சுக் காகிதம். நாலு புறமும் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை விட்டு, நடுவில் வண்ணம். திராட்சைப் பந்தல் ஒன்று, வைகை அணையின் மதகு ஒன்று, வேலைக்குப் போகிற பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஜீப் ஒன்று. சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் படத்துக்குச் சரியான அளவில் சட்டம் கைவசம் இல்லை. ஒரு சுற்றுச் சின்னதாக ஒன்று தயாராக இருந்தது. வெள்ளையாகத்தானே கிடக்கிறது என்று ஸ்கேலை வைத்து நாலு ஓரத்தையும் நறுக்கி உள்ளே தள்ளிவிட்டேன். பார்க்க எடுப்பாகவே இருந்தது.

அவர் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. வெட்டிய வெள்ளை எங்கே என்று கேட்டார். குப்பைப் பெட்டியைக் காட்டினேன். அதைத் தரையில் கவிழ்த்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் எதிரே உட்கார்ந்தேன். கண்ணாடித் துண்டுகள் கிடக்கும், கையை வெட்டும் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. கடைசியில் ஒரு நீளத் துண்டைக் கண்டுபிடித்து என்னிடம் காட்டினார். இடது ஓரத்தில் பென்சிலால் ஏழு என்று எழுதி ஒரு கோடு போட்டு நாற்பது என்று எழுதியிருந்தது. வலது ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு சின்னக் கையெழுத்து.

“நீங்க வெட்டுனது வெள்ளைத் தாள் இல்ல தம்பி,” என்றார். “நான் இதைப் பாத்துட்டேன்னு வரைஞ்சவரு எழுதிக் குடுத்தத வெட்டிட்டீக.”

இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன். மறு வாரமே வந்தார். ஜீப் படத்தையும் அந்தத் துண்டையும் எடுத்து வந்து, இரண்டையும் ஒட்டாமல், ஒரே சட்டத்துக்குள் மேலும் கீழுமாக வைத்துக் கொடுக்கச் சொன்னார். நான் வேலை முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். அன்றிலிருந்து அவருடைய படங்கள் எல்லாமே என் கைக்குத்தான் வந்தன. ஒருத்தன் செய்த தப்பை அவர் மறக்கவும் மாட்டார், அதற்காக அவனை விலக்கவும் மாட்டார்.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பெயரை இதில் எழுதப் போவதில்லை. அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்காமல் ஒருத்தர் பெயரைத் தாளில் போடுவது அவருக்கு ஆகாது.

உத்தமபாளையம் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர் ஒன்றில் பிறந்தவர். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் பார்க்கிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழனிசெட்டிபட்டியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். நகை கிடையாது, டிவி கிடையாது. இருந்ததெல்லாம் அந்தப் படங்கள். ஒரே ஓவியர் கல்லில் வரைந்து, கல்லில் இருந்து தாளில் எடுத்து, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்ட படங்கள். பத்தொன்பது வைத்திருந்தார். நாலுதான் சுவரில் தொங்கும். மற்றவை இரும்புப் பீரோவில் படுக்கை வசமாக, தாளுக்குத் தாள் நடுவே மெல்லிய காகிதம் வைத்து இருக்கும். மழைக்காலம் வந்தால் வாரம் ஒரு தடவை ஒவ்வொன்றாக எடுத்துப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பிறகு பவுடர் இல்லாத கையுறை மாட்டிக்கொண்டுதான் தொடுவார்.

வீட்டுக்காரம்மா ஒரு நாள், இத்தனை காலண்டரை எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். அதற்கு அக்கா முக்கால் மணி நேரம் பதில் சொன்னாராம். பாவம், அந்த அம்மா வாடகை வாங்க வந்தவர். கல்லின் மேல் மெழுகுக் குச்சியால் வரைவது, நிறத்துக்கு ஒரு கல் வைப்பது, ஐந்து நிறம் என்றால் ஒரே தாள் ஐந்து தடவை எந்திரத்துக்குள் போய் வருவது, நாற்பது தாள் எடுத்ததும் கல்லைத் தேய்த்து அழித்துவிடுவது, பிறகு யார் நினைத்தாலும் நாற்பத்தொன்றாவது வராது என்பது, எல்லாவற்றையும் நிற்க வைத்துச் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த அம்மா வாடகைக்கு மகனைத்தான் அனுப்பினார்.

ஓவியர் கூடலூர்க்காரர். சென்னையில் படித்து, வெளிநாடெல்லாம் போய்ப் பெயர் வாங்கி, திரும்பி வந்து ஊருக்கு வெளியே தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டவர். அங்கேயே கல்லச்சு எந்திரம் ஒன்று வைத்திருந்தார். எத்தனை ஊர் பார்த்தாலும் வரைந்தது இந்தப் பள்ளத்தாக்கைத்தான். இருபோக வயல், மேற்கு மலை, குமுளிக்கு ஏறுகிற ஜீப்.

அந்த ஜீப்தான் அக்காவை முதலில் பிடித்தது. மதுரைக்கு ஏதோ பயிற்சிக்குப் போனவர், ஒரு மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி என்று எழுதியிருப்பதைப் பார்த்து, மழைக்கு ஒதுங்கப் போயிருக்கிறார். அங்கே இந்த ஜீப். பதினோரு பெண்கள். ஒருத்திக்கும் முகம் வரையவில்லை. ஆனால் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவள் தூக்குவாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியை அமுக்கிப் பிடித்திருந்தாள். அக்காவின் அம்மா இருபது வருடம் ஏலக்காட்டு வேலைக்கு ஜீப்பில் போனவர். அப்படித்தான் பிடிப்பாராம். கழுத்துக்கு ஒரு சங்கிலி வாங்கச் சேர்த்திருந்ததைக் கொடுத்து அந்தப் படத்தை வாங்கிவிட்டார்.

பிறகு ஓவியரைத் தேடிப் போய், மூணாவது ஆளு எங்கம்மாதானே என்று கேட்டிருக்கிறார். இல்லை, அது என் சித்தி என்று அவர் சொல்ல, அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கம்மாவைப் பார்க்காமல் அந்தக் கையை எப்படி வரைந்தீர்கள் என்று சண்டை. ஓவியர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை அக்கா கூடலூர் போவது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்குள் அவர் நுழைந்தால், ரத்த டாக்டர் வந்துட்டாக, எல்லாரும் கையை நீட்டுங்க என்பாராம் ஓவியர்.

ஒரு தடவை அவர் கையெழுத்துப் போடும் நாளில் அக்கா அங்கே இருந்திருக்கிறார். காய்ந்த தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். சிலது ஒரு நிமிஷம், சிலது ஐந்து நிமிஷம். சரியாக இருந்தால் பென்சிலை எடுப்பார். ஒரு நிறம் நூலளவு விலகியிருந்தால்கூடக் குறுக்கே கிழித்துக் கீழே போடுவார். அன்றைக்கு ஏழு தாள் கிழித்தாராம். அந்த ஏழு தாளைப் பற்றி அக்கா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. தன்னிடம் இருக்கிற பத்தொன்பதைவிட அந்த ஏழில்தான் அவருக்குப் பெருமை அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். கூடப் பழகுவது சிரமம். வேலை மாறியபோது அக்காவுக்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் தேவைப்பட்டது. புதிதாக வந்திருந்த பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறார். அவர் நல்ல மனுஷர். உடனே நல்லொழுக்கம் உள்ளவர், நெடுநாளாக அறிவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டார். அக்கா வாசித்துப் பார்த்துவிட்டு, “நீங்க வந்தே ஒரு மாசந்தான ஆச்சு, ஃபாதர்? என்னைய எங்க நெடுநாளாப் பாத்தீக?” என்று கேட்டு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஊரே பேசியது. தனக்குச் சாதகமாக எழுதியதையே திருப்பிக் கொடுக்கிற பெண்ணோடு யார் சேருவார்கள்.

ஆனால் எனக்கு அவரைக் குறை சொல்ல வாய் வராது. காரணம் என் மனைவி.

ஒரு ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல். டெங்குவாக இருக்குமோ என்று அக்கா வேலை பார்த்த லேப்பிலேயே ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட்டில் தட்டணுக்கள் நிறையவே இருந்தன. நிம்மதியாக வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா போன் செய்தார்.

“தம்பி, அந்த ரிப்போர்ட்டுல என் சீல் இருக்கு, கையெழுத்தும் இருக்கு. நான் பாக்கல. இப்பவே கூட்டிட்டு வாங்க.”

போனோம். தானே ரத்தம் எடுத்து, தானே கண்ணாடித் தகட்டில் தேய்த்து, நாங்கள் பார்க்கவே எண்ணினார். ரிப்போர்ட்டில் இருந்ததில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அங்கிருந்தே ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். என் மனைவி பிழைத்தாள். கூட்டம் அதிகமான காய்ச்சல் நாட்களில் பார்த்தும் பார்க்காமலும் ரிப்போர்ட் அடித்து, அக்காவின் முத்திரையைக் குத்தி, அவர் மாதிரியே கிறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா அந்த வாரத்து ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்திருக்கிறார். மூன்றாம் நாள் அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். காரணம் ஒழுங்கீனம். அக்காவுக்குத்தான் ஒழுங்கு இல்லையாம். பிறகு அவர் சின்னமனூரில் ஒரு சின்ன லேப்பில் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய் வந்தார்.

இவ்வளவு பார்த்தவன்தான் நான். இனி சொல்லப் போவதையும் செய்தவன் நான்தான்.

ஓவியருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. அதற்கு ஒன்றரை வருடம் கழித்து அவருடைய மருமகன் என் கடைக்கு வந்தார். சென்னையில் ஓவியங்கள் விற்கிற தொழில் அவருக்கு. மாமாவின் கடைசி வரிசைப் படங்கள் என்று தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைக்கப் போகிறார்கள், முப்பது படங்களுக்குச் சட்டம் வேண்டும் என்றார். என் கடை பார்த்ததிலேயே பெரிய வேலை அது. இரண்டு வாரம் தலை நிமிரவில்லை.

ஒரு சனிக்கிழமை அக்கா கடைக்கு வந்தார். சுவரோரம் அடுக்கியிருந்த படங்களைப் பார்த்தவுடன் முகம் மலர்ந்தது. குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மலர்ச்சி போய்விட்டது. பையில் இருந்து சின்ன லென்ஸை எடுத்தார். கடைசியில் ஒரு தாளை எடுத்து வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். இன்னும் கண்ணாடி போடாத தாள். மேற்கு மலையும் அதன் அடியில் வயலும். பச்சை நிறம் சற்றே இறங்கி, மலை விளிம்புக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கீழே ஓவியரின் கையெழுத்து. நடுக்கமே இல்லாமல், அச்சாக அப்படியே இருந்தது.

“இத அவரு பாத்தாகளா தம்பி?” என்றார்.

கையெழுத்து இருக்கிறதே அக்கா என்றேன்.

“ஒரு கரண்டி பிடிக்க முடியாத மனுசரு. அது கெடக்கட்டும். பாத்திருந்தா இதைக் கிழிச்சிருப்பாக.”

கூடலூருக்குப் போய்க் கேட்டுவிடலாம், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நீங்களும் வாருங்கள் என்றார். எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் போனேன். ஓவியர் ஒரு வார்த்தை, ஆமாம் என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டால் அக்காவின் வாய் அடங்கும், என் வேலை நிற்காது என்பதுதான் என் எண்ணம். தாளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினோம். கம்பம் தாண்டியதும் அக்கா, நம்ம நெனைச்சது தப்பா இருந்தா அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுருவேன் என்று மட்டும் சொன்னார்.

மருமகன் மண்டப வேலையாகத் தேனியில் இருந்தார். ஓவியரின் மகள் கதவைத் திறந்தார். அப்பாவுக்கு முடியவில்லை, சீக்கிரம் பேசிவிட்டுப் போங்கள் என்றார். ஓவியர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். பெரிய ஆகிருதி, ஒரு பக்கமாகச் சரிந்துபோயிருந்தது. அக்காவைப் பார்த்ததும் இடது கையை முன்னால் நீட்டினார். ரத்தம் எடுக்க நீட்டுகிற மாதிரி. அக்கா அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

பிறகு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் அவருக்குப் பிடித்துக் காட்டினார். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இடது கை விரல் மலையின் விளிம்போடு நகர்ந்து போய், அந்த வெள்ளைக் கோட்டில் நின்றது. தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. விரல் கீழே இறங்கிக் கையெழுத்தைத் தொட்டது.

“யாரு?” என்றார்.

அந்த ஒரு வார்த்தை தெளிவாகவே வந்தது. மகள் தரையைப் பார்த்தார். கல்லெல்லாம் நீங்கள் வரைந்து வைத்ததுதானே அப்பா, வைத்தியச் செலவுக்குத்தான் அப்பா என்று மெல்லச் சொன்னார். அவர் மகளைத் திட்டவில்லை. அக்காவைப் பார்த்தார்.

“கிழி.”

“நீங்களே கிழிங்க,” என்றார் அக்கா. “நான் புடிச்சுக்கிறேன்.”

ஒரு ஓரத்தை அக்கா பிடித்துக்கொண்டார். மறு ஓரத்தை அவர் இடது கையால் பிடித்தார். பஞ்சுக் காகிதம் லேசில் கிழியாது. இரண்டு தடவை விரல் நழுவியது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். மலையில் ஆரம்பித்து வயல் வழியாகக் கீழ்வரைக்கும் கிழிந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர். ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. வேலை முடித்த ஆள் முகம். நானோ மருமகனுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலையே மருமகன் போனில் கத்தித் தீர்த்தார். கண்காட்சி நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி எல்லாம் நடந்தது. நானும் ஸ்குரூ டிரைவரும் கையுமாக அங்கேதான் நின்றேன். அக்கா வந்தார். லென்ஸோடு ஒவ்வொரு படமாக ஒரு மணி நேரம் பார்த்தார். நிறம் விலகிய நாலு தாள்களின் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, மருமகனிடம் போய், “இதெல்லாம் அவரு பாத்தாகளா?” என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அந்த ஆள்தான் சத்தம் போட்டார். யாரம்மா நீ, வேலை போன கடுப்பில் திரிகிறாயா என்று அத்தனை பேர் முன்னாலும் பேசினார். இரண்டு பேர் அக்காவின் கையைப் பிடித்து வெளியே கொண்டு போய் விட்டார்கள். அந்த மண்டபத்தில் டாக்டர்கள் இருந்தார்கள், வக்கீல்கள் இருந்தார்கள், கல்லூரிப் பேராசிரியர்கள் இருந்தார்கள். ஒருத்தரும் அந்தக் கேள்விக்குப் பதில் என்ன என்று கேட்கவில்லை. படம் வாங்கியவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். விலை உயர்ந்த ஓவியத்தை அக்கா வேண்டுமென்றே கிழித்ததாகவும், நான் அதைத் திருடிக் கொடுத்ததாகவும் மருமகன் புகார் எழுதி வைத்திருந்தார். அதைக் கொடுக்காமல் இருக்க வேண்டுமானால் ஒரு கடிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். கடை வேலையின்போது என் கவனக்குறைவால் தாள் கிழிந்துவிட்டது என்று கம்ப்யூட்டரில் அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் இருந்தது. நான் முதல் நாலு வரியைப் பார்த்தேன். நம் மேல் பழியைப் போட்டுக்கொண்டால் அக்கா தப்பிவிடுவார் என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், என் கடையும் தப்பும் என்று தோன்றியது. போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்காவுக்கு எப்படியோ தெரிந்து, மறுநாள் கடைக்கு வந்தார். உங்களுக்காகத்தான் அக்கா என்றேன். அவர் முதலில் கேட்டது, முழுசா வாசிச்சீகளா என்று. இல்லை என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஒன்றரை வருசமாப் படுத்துக் கெடக்கிற மனுசரு அன்னைக்குச் செஞ்ச ஒரே வேலை அது தம்பி. அதையும் நீங்க செஞ்சதா எழுதிட்டீக.”

எழுந்து போய்விட்டார். அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் என் கடைப் படி ஏறவில்லை.

அந்த ஒரு வருடத்தில் ஓவியர் இறந்துபோனார். மருமகனின் ஆட்கள் ஓவியரின் படங்களை எல்லாம் தொகுத்துப் பெரிய புத்தகம் போட்டார்கள். யார் யாரிடம் எந்தப் படம் இருக்கிறது என்ற பட்டியலில் அக்காவின் பத்தொன்பதில் ஒன்றுகூட இல்லை. அவை நம்பத் தகுந்தவை அல்ல என்று வாய்மொழியாகப் பரப்பியும் விட்டார்கள். கள்ளக் கையெழுத்து புத்தகத்தில் இருக்கிறது, நல்ல கையெழுத்து பழனிசெட்டிபட்டியில் பீரோவுக்குள் சந்தேகத்துக்கு ஆளாகிக் கிடக்கிறது. நான் கடையில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பேன். கடித்து என்ன செய்ய.

பிறகு ஒரு நாள் அக்கா வந்தார். பழைய மாதிரி குசலம் எல்லாம் இல்லை. ஒரு பெரிய அருங்காட்சியகம் அந்தக் கடைசி வரிசையை வாங்கப் போவதாகச் செய்தி வந்திருக்கிறது என்றார். கூடலூரில் நடந்ததைக் கைப்பட இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தார். என்றைக்குப் போனோம், தாள் எப்படி இருந்தது, அவர் எங்கே விரல் வைத்தார், என்ன சொன்னார், யார் கிழித்தது. அலங்காரமாக ஒரு வார்த்தை இல்லை. லேப் ரிப்போர்ட் மாதிரியே இருந்தது. அடியில் அவர் கையெழுத்து. பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம்.

“பாத்தது ரெண்டு பேரு,” என்றார். “வாசிச்சுட்டுப் போடுங்க.”

இரண்டு தடவை வாசித்தேன். போட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

இரண்டு மாதம் கழித்து என் கடை முகவரிக்குப் பதில் வந்தது. அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். சின்னமனூர் பஸ்ஸில் இருந்து நேரே இறங்கி வந்தார். உறைக்குள் ஒரு கடிதமும், நான் ஸ்டேஷனில் மருமகனுக்குப் போட்டுக் கொடுத்த தாளின் நகலும் இருந்தன. அன்றைக்குத்தான் அதை முழுதாக வாசித்தேன். கிழிந்த சங்கதிக்குக் கீழே இப்படி இருந்தது: மற்ற தாள்கள் அனைத்தும் குறையின்றி உள்ளன, அவற்றில் இருப்பது ஓவியரின் கையெழுத்தே என்பதை அவருடைய படங்களைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருபவன் என்ற முறையில் உறுதி கூறுகிறேன். அடியில் நான்.

அருங்காட்சியகம் கேட்டிருந்தது ஒரே கேள்வி. ஒரே நபர் கையொப்பமிட்ட இரண்டு கடிதங்களில் எதை உண்மையாகக் கொள்வது?

படித்தவர்களா இவர்கள், தாளைப் பார்த்தாலே தெரியாதா, ஒரு லென்ஸ் வாங்க வக்கில்லையா என்று என்னென்னவோ பேசினேன். அக்கா கடிதத்தை மடித்து உறையில் போட்டார்.

“கேட்டது சரிதான தம்பி. ரெண்டுலயும் உங்க கையெழுத்துத்தான் இருக்கு. நானா இருந்தாலும் இதைத்தான் கேப்பேன்.”

அதில் குத்தல் இல்லை. குத்தலாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் தாளில் எப்படிக் கையெழுத்துப் போட்டேன், யார் நீட்டியது, எத்தனை வரி வாசித்தேன், ஏன் போட்டேன் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். எழுதினால் ஊரில் என் பெயர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நாம் எழுதிப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் படங்களை வாங்கியே விடுவார்கள் அக்கா என்றேன். அப்படித்தான் வாங்கவும் செய்தார்கள். இப்போதும் அந்த அருங்காட்சியகத்துச் சுவரில்தான் தொங்குகின்றன. பின்னாளில் அக்கா வேலையை விட்டுத் தங்கை வீட்டோடு போய்விட்டார், பத்தொன்பது படங்களும் அவரோடே போய்விட்டன.

ஆனால் அன்றைக்கு அவர் ஸ்டூலை இழுத்து என் மேஜைக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“வாங்கட்டும். அவுக கேட்டிருக்காகல்ல. நம்ம பதில் சொல்லணும்ல.”

நான் எழுத ஆரம்பித்தேன்.